முகவரிக்குக் காத்திருக்காத வயது

குழந்தை நலம் என்ற பெரிய பொருளில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நகரத்தில் வீடில்லாமல் வாழும் குடும்பங்களில் பிறந்து வளரும், ஆறு வயது நிறையாத குழந்தைகளே அந்தப் பகுதி. வீடற்றோரைப் பற்றிப் பேசும்போது இந்தக் குழந்தைகளைப் பெரியவர்களோடு சேர்த்தே எண்ணிவிடுகிறோம். குழந்தை நலத் திட்டங்களைப் பற்றிப் பேசும்போதோ, வீட்டு எண் இல்லை என்பதால் அவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. எல்லோருக்கும் வீடு கொடுக்க வேண்டியது அரசின் கடமை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வீடு கிடைக்கும்வரை குழந்தைக்கு உரியதை நிறுத்திவைக்க யாருக்கும் உரிமை கிடையாது. உணவு, தடுப்பூசி, பகல்நேரப் பராமரிப்பு, முன்பருவக் கல்வி எல்லாம் குடும்பம் இப்போது எந்தத் தெருவில் பிழைக்கிறதோ அந்தத் தெருவுக்கு வர வேண்டும். குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்காமலும் பெற்றோரை அவர்கள் பிழைப்பிலிருந்து பிரிக்காமலும் வர வேண்டும். இன்று நான் வாதிட வந்திருப்பது இதற்காகத்தான்.

யார் இவர்கள்? 2001 கணக்கெடுப்பில் இந்தியாவில் வீடற்றோர் 19.4 லட்சம் பேர். 2011இல் அது 17.7 லட்சமாகக் குறைந்தது. ஆனால் அந்தக் குறைவு கிராமங்களில் ஏற்பட்டது. நகரங்களில் 7.78 லட்சமாக இருந்தது 9.38 லட்சமாகக் கூடியது. பாலத்தடியிலும் ரயில் நிலையத்திலும் கோயில் வாசலிலும் படுத்திருப்பவர்களை ஒரே இரவில் எண்ணி முடிக்கும் கணக்கு அது. 2011இல் பிப்ரவரி 28ஆம் தேதி இரவு எண்ணினார்கள். ஒரே இரவில் எண்ணும் கணக்கில் விடுபடுகிறவர்கள் இருப்பார்களே தவிர, மிகையாக எண்ணப்படுகிறவர்கள் இருக்க வாய்ப்பில்லை. வீடற்றோர் என்றதும் ஊரைவிட்டு ஓடிவந்த தனி ஆள்தான் நம் நினைவுக்கு வருகிறார். சென்னை ஜார்ஜ் டவுனின் நடைபாதைகள் வேறு கதை சொல்கின்றன. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கேயே பிறந்து, அங்கேயே மணமுடித்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள். மூட்டை தூக்குகிறார்கள், பூவும் பழமும் விற்கிறார்கள், வீட்டு வேலைக்குப் போகிறார்கள், பழைய அட்டையும் பிளாஸ்டிக்கும் பொறுக்குகிறார்கள். பலரிடம் வாக்காளர் அட்டையும் உண்டு. தேர்தல் வந்தால் நடைபாதையில் இருப்பவர்களையும் தேடிக் கண்டுபிடிக்க அரசு இயந்திரத்தால் முடிகிறது என்பதற்கு அந்த அட்டையே சான்று.

அந்த நடைபாதையில் ஒரு வயதுக் குழந்தையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகுதான் குடும்பத்துக்கு இடம் காலியாகும். காலையில் கடை திறக்குமுன் எழுந்தாக வேண்டும். ஆக, குழந்தை எப்போது தூங்குவது என்பதைக் கடைக்காரரின் வியாபார நேரம் முடிவு செய்கிறது. பகலில் பாயும் பாத்திரமும் ஒரு மூட்டையாகச் சுவரோரம் ஏறிவிடும். தவழும் பருவத்தில் தவழ விட முடியாது; இரண்டடி தள்ளினால் பேருந்து போகிறது. அதனால் குழந்தை இடுப்பிலேயே இருக்கும், அல்லது அக்காவின் மடியில் இருக்கும், அல்லது பழைய சேலையால் கிரில் கம்பியோடு கட்டப்பட்டிருக்கும். கட்டுவது கொடுமை என்று சொல்வது எளிது. தாய்க்கு இருக்கும் ஒரே தொட்டில் அதுதான். குடிக்கும் தண்ணீரும் கழுவும் தண்ணீரும் ஒரே குடத்திலிருந்து. கழிப்பறைக்குக் காசு கொடுக்க வேண்டும், இரவில் அது பூட்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதமும் இரவில் படுக்க ஈரமில்லாத தரை தேடுவதே வேலை. இந்தச் சூழலில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு மருத்துவரின் விளக்கம் தேவையில்லை.

இதில் வயது ஏன் இவ்வளவு முக்கியம்? பெரியவருக்கு ஓர் ஆண்டு தாமதமாக வீடு கிடைத்தால் அவர் இழப்பது ஓர் ஆண்டு வசதி. கருவில் தொடங்கி இரண்டு வயது வரையிலான காலத்தில் தவறிய வளர்ச்சியோ பெரும்பாலும் பிறகு ஈடுகட்ட முடியாதது என்பது ஊட்டச்சத்து அறிவியலில் நிலைபெற்ற முடிவு. அடிக்கடி நோய், அரைகுறைத் தூக்கம், ஓயாத இரைச்சல், எப்போது விரட்டுவார்களோ என்று அஞ்சும் தாயின் பதற்றம், எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சிறு உடம்பின் மேல் இறங்குகின்றன. ஐந்தாண்டுத் திட்டம் என்று நாம் பழகிய சொல்லில் சொல்வதானால், ஒரே ஒரு திட்டக் காலத்துக்குள் அந்தக் குழந்தையின் குழந்தைமையே முடிந்துவிடுகிறது. வீடு ஒதுக்கீட்டுப் பட்டியலின் வேகம் ஒன்று, குழந்தை வளரும் வேகம் வேறொன்று. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டதுதான் நம் கொள்கையின் அடிப்படைப் பிழை.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதன் கையும் காலும் அங்கன்வாடிதான். 2002இல் திருத்தப்பட்ட அரசமைப்பின் 45ஆம் பிரிவு, ஆறு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பராமரிப்பும் கல்வியும் தர அரசு முயல வேண்டும் என்கிறது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைக்கு அங்கன்வாடி வழியாக விலையில்லா உணவை உரிமையாக்கியது. எங்கேயும் ‘வீடுள்ள குழந்தை’ என்று எழுதப்படவில்லை. ஆனால் சட்டம் களத்துக்கு இறங்கும்போது ஒரு பதிவேட்டின் வழியாக இறங்குகிறது. அங்கன்வாடி ஊழியருக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் வீடு வீடாகப் போய்க் குடும்பங்களைக் கணக்கெடுத்து, கர்ப்பிணி யார், பாலூட்டும் தாய் யார், எந்த வயதில் எத்தனை பிள்ளைகள் என்று எழுதுகிறார். அந்தக் கணக்கை வைத்துத்தான் சத்துமாவும் முட்டையும் வருகின்றன. கதவில்லாத குடும்பம் அந்த வரிசையில் எந்த இரண்டு வீட்டுக்கு நடுவே வரும்? ஊழியர் இரக்கமில்லாதவர் என்பதல்ல என் குற்றச்சாட்டு. எத்தனையோ பேர் பதிவில் இல்லாத பிள்ளைக்கும் சோறு போடுகிறார்கள். ஒரு குழந்தையின் உரிமை ஓர் ஊழியரின் நல்ல மனத்தைச் சார்ந்து நிற்கக் கூடாது என்பதே என் வாதம்.

2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில் ஓர் ஆணை பிறப்பித்தது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து, அங்கன்வாடி இல்லாத குடியிருப்பின் மக்கள் கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும் என்றது. நாடு முழுவதும் மையங்களின் எண்ணிக்கை 14 லட்சமாக உயரவும் அந்த ஆணையே வழிசெய்தது. கேட்டுப் பெறும் மையங்களுக்கென்று 20,000 இடங்கள் தனியாக ஒதுக்கப்பட்டன. மிகத் தாராளமான ஆணை. இருந்தும், அதில் சொல்லப்பட்டவர்கள் கிராமத்து மக்களும் குடிசைப் பகுதி மக்களும்தான். நடைபாதைக் குடும்பங்கள் குடிசைப் பகுதியாகக்கூட அறிவிக்கப்படாதவை. அவை ஒரே இடத்தில் கூட்டமாக இருப்பதில்லை. ஒரு தெருவில் ஆறு குடும்பம், அடுத்த தெருவில் ஒன்பது என்று நீண்டு கிடக்கின்றன. ஆகவே 40 என்ற எண்ணைத் தெருவாரியாகத் தேடினால் கிடைக்காது, வார்டுவாரியாகத் தேடினால் கிடைக்கும். செய்ய வேண்டிய திருத்தம் இவ்வளவு சிறியது. இதைப் போய் நிதிப் பற்றாக்குறை என்று விளக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்து இரவுக் காப்பகங்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் 2013இல் வீடற்றோருக்கான காப்பகத் திட்டம் வந்தது. லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் அளவுக்கு நிரந்தரக் காப்பகம், ஆளுக்கு 50 சதுர அடி, 24 மணி நேரமும் திறந்திருத்தல், வீடற்றோர் பிழைக்கும் இடத்துக்கு அருகிலேயே அமைத்தல், அங்கன்வாடியோடும் பள்ளியோடும் ரேஷனோடும் இணைத்தல் எல்லாம் அதன் நெறிமுறையிலேயே உண்டு. படித்தால் குறை சொல்ல இடமில்லை. நடப்பில், காப்பகங்கள் ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவருக்கு, சிறுமியருக்கு, மருத்துவமனை நோயாளிகளின் உடனிருப்போருக்கு என்று பிரிந்து கிடக்கின்றன. குடும்பமாகத் தங்கும் இடம் அரிது. கணவன் ஓரிடம், மனைவியும் கைக்குழந்தையும் ஓரிடம், பத்து வயது மகன் வேறிடம் என்று மூன்று வார்டுக்குப் பிரிந்து படுக்கச் சொன்னால் எந்தத் தாய் ஒப்புவாள்? அவள் நடைபாதையையே தேர்ந்தெடுக்கிறாள். உடனே ‘கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்’ என்று கோப்பில் எழுதப்படுகிறது. அவள் மறுத்தது கூரையை அல்ல, பிரிவை. இந்த வேறுபாடு தெரியாமல் எழுதப்படும் எந்த அறிக்கையும் உண்மையைச் சொல்வதாகாது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு, நல்ல எண்ணத்தோடு சொல்லப்படுவது. நடைபாதையில் விபத்து உண்டு, கடத்தல் உண்டு, பாலியல் வன்முறை உண்டு. பெற்றோர் சிலர் குடிக்கிறார்கள், சிலர் பிள்ளையை வைத்துப் பிச்சை எடுக்கிறார்கள். எனவே குழந்தையையாவது மீட்டு இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் என்கிறார்கள். ஆபத்துகள் மெய்யானவை, எதையும் மறைக்க வேண்டாம். குழந்தையை அடித்து வதைக்கும், விற்கும், வாடகைக்கு விடும் பெற்றோர் இருந்தால் சட்டம் தலையிடத்தான் வேண்டும். ஆனால் அது வறுமைக்குச் செய்யும் வைத்தியம் அல்ல. பச்சிளம் வயதில் இல்லங்களில் வளர்வது என்ன செய்கிறது என்பதற்கு ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000இல் தொடங்கிய ஆய்வு வலுவான சான்று. கைவிடப்பட்டு அரசு இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்தில் வளர்ந்தவர்களின் அறிவு வளர்ச்சி மேலாக இருந்தது. அதிலும் இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்களுக்கு நன்மை மிகுதி. அந்த ருமேனியக் குழந்தைகளுக்குக் குடும்பத்தைத் தேடிக் கொடுக்க வேண்டியிருந்தது. நம் நடைபாதைக் குழந்தைக்குக் குடும்பம் ஏற்கெனவே இருக்கிறது, இல்லாதது கூரை. இருப்பதைப் பறித்து இல்லாததைக் கொடுப்பது எந்த வகையில் மீட்பு?

நம் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2015 இளைஞர் நீதிச் சட்டம் நிறுவனத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாக மட்டுமே ஏற்கிறது. ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு நெறிமுறைகள், வறுமை மட்டுமே குழந்தையைப் பிரிப்பதற்குக் காரணமாகக் கூடாது என்கின்றன. தெருவில் தனியே வாழும் குழந்தை, பகலில் தெருவில் இருந்து இரவில் வீடு திரும்பும் குழந்தை, குடும்பத்தோடு தெருவில் வாழும் குழந்தை என்று தேசியக் குழந்தைகள் ஆணையமே மூன்றாகப் பிரித்திருக்கிறது. மூன்றாம் வகைக்கு வேண்டியது முதல் வகைக்கான மருந்து அல்ல. மிஷன் வத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் குடும்பத்துக்கே கொடுக்க இடமிருக்கிறது. வீடில்லாத குழந்தைகளும் அதன் தகுதிப் பட்டியலில் இருக்கிறார்கள். இதை எடுத்துச் சொல்லி விண்ணப்பம் எழுதிக் கொடுக்க நடைபாதைக்கு ஒரு பணியாளர் போனாலே பாதி வேலை முடியும்.

இரண்டாம் மறுப்பு, வீட்டு வாரியத்தின் குரலில் வருவது. ஊருக்கு வெளியே அடுக்குமாடி கட்டித் தருகிறோம், போகச் சொல்லுங்கள். நடைபாதையில் அங்கன்வாடி எதற்கு என்பது. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் இந்த எண்ணத்தில் எழுந்தவை. ஜார்ஜ் டவுனிலிருந்து அவை இருபது கிலோமீட்டருக்கும் மேல். விடியற்காலை பூ எடுக்கக் கோயம்பேடு போக வேண்டியவளும், இரவு பத்து மணிக்கு லாரி இறக்குகிறவனும் அங்கிருந்து வேலைக்கு வர முடியாது. வந்தால் பிள்ளையைப் பார்க்க ஆள் கிடையாது. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெலிஸ் வழக்கில், வாழ்வாதாரத்தைப் பறிப்பது வாழ்வையே பறிப்பது என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. நாற்பது ஆண்டாகியும் நம் மறுகுடியமர்த்தல் அந்தக் கொள்கையைக் கட்டடத்தோடு சேர்த்து எண்ணவில்லை. வீட்டை மட்டும் கொடுத்துப் பிழைப்பைப் பிடுங்கினால், சில மாதத்தில் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுக் குடும்பம் மறுபடி பழைய தெருவுக்கே வரும். அதைப் பேராசை என்பார்கள்; எனக்கு அது சோற்றுக் கணக்காகத்தான் தெரிகிறது.

அமெரிக்காவில் 2010 முதல் பன்னிரண்டு நகர்ப்பகுதிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடற்ற குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நீண்டகால வாடகை உதவி பெற்ற குடும்பங்கள், தற்காலிக விடுதி போன்ற பிற உதவிகளுக்கு அனுப்பப்பட்டவர்களைவிட நிலையாக வாழ்ந்தன. மறுபடி வீடிழப்பது பாதிக்கும் கீழே குறைந்தது. குழந்தைகள் பெற்றோரைப் பிரிவது குறைந்தது. தாய்மார்கள் வீட்டு வன்முறைக்கு உள்ளாவதும் குறைந்தது. அங்குள்ள வாடகைச் சந்தையும் இங்குள்ளதும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனாலும் குடும்பம் தன் வட்டாரத்திலேயே ஓர் அறை பிடிக்க மாதாமாதம் கொடுக்கும் உதவி, தொலைவில் கட்டிக் கொடுக்கும் வீட்டைவிடக் குழந்தைக்கு அதிகம் செய்யும் என்று நம்ப இது போதுமான காரணம். பழைய வடசென்னையில் ஓர் அறை வாடகைக்குக் கிடைக்காமல் இல்லை. முன்பணம் கட்ட முடியாததும், நடைபாதைக்காரர் என்றதும் மறுக்கப்படுவதும்தான் தடை.

மூன்றாம் மறுப்பு, பேச்சில் அதிகம் கேட்பது: நடைபாதையில் வசதி செய்துகொடுத்தால் நடைபாதை வாழ்க்கைக்கு அங்கீகாரம் கொடுத்ததாகும், இன்னும் பத்துக் குடும்பம் வரும் என்பது. ஒரு தட்டுச் சோற்றுக்கும் ஒரு தடுப்பூசிக்கும் ஆசைப்பட்டு எந்தக் குடும்பமும் பிள்ளையைப் பேருந்துச் சக்கரத்தின் ஓரத்தில் படுக்கவைக்காது. மக்களை நகரத்துக்கு இழுப்பது வேலை. நடைபாதையில் தள்ளுவது வாடகை. குழந்தை நலச் சேவைக்கு இதில் பங்கில்லை. தவிர, இடத்துக்கு உரிமை கொடுப்பதும் குழந்தைக்கு உரிமை கொடுப்பதும் வேறு வேறு. 1969இல் தில்லியில் கட்டட வேலைத்தளத்தில் மீரா மகாதேவன் தொடங்கிய மொபைல் கிரஷஸ் அமைப்பு, மணல் குவியலுக்கு நடுவே குழந்தைகள் காப்பகம் நடத்தியது. கட்டடம் முடிந்தால் காப்பகமும் தொழிலாளரோடு அடுத்த தளத்துக்குப் போனது. அதனால் யாருக்கும் அந்த மனைமேல் பாத்தியதை வந்துவிடவில்லை. 1996இல் கட்டடத் தொழிலாளர் சட்டமே, ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்று எழுதியது. இடம் மாறும் குடும்பத்தோடு சேவையும் இடம் மாறலாம் என்பதை நம் நாடு எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது.

முகவரிச் சான்றைப் பற்றி ஒரு சொல். 1987இல் இயற்றி, பின்னர் விரிவாக்கிய மெக்கின்னி-வென்டோ சட்டப்படி, அமெரிக்காவில் வீடற்ற குழந்தையைச் சான்றிதழ் எதுவும் கையில் இல்லாவிட்டாலும் பள்ளி உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். சான்றைப் பிறகு தேடிப் பெற்றுத்தருவது பள்ளியின் பொறுப்பு. 2007க்குப் பிறகு அங்குள்ள ஹெட் ஸ்டார்ட் முன்பருவத் திட்டத்தில் வீடின்மையே சேர்க்கைக்குத் தகுதி. இங்கே தடையாக நிற்கும் அதே நிலை, அங்கே முன்னுரிமைக்குக் காரணமாகிறது. நம் உச்ச நீதிமன்றமும் 2018 ஆதார் தீர்ப்பில், ஆதார் எண் காட்ட முடியவில்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் எந்த நலனையும் மறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. கல்வி உரிமைச் சட்டம் வயதுச் சான்றில்லாத பிள்ளையையும் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறது. மிச்சமிருக்கும் வேலை, இந்தத் தீர்ப்புகளையும் பிரிவுகளையும் அங்கன்வாடிப் பதிவேட்டில் ஒரு புதிய பத்தியாகச் சேர்ப்பதுதான்: வீட்டு எண் இல்லை, தங்கும் இடம் இன்ன தெரு, இன்ன கடைவாசல்.

இந்த அரங்கில் மாமன்ற உறுப்பினர்கள் இருக்கலாம், ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் ஓய்வுபெற்ற அலுவலர்களும் மாணவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் நான் கேட்பது நன்கொடை அல்ல. உங்கள் வார்டில் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு முறை நடந்து, நடைபாதையில் தூங்கும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எண்ணுங்கள். படம் எடுக்க வேண்டாம். தாயிடம் பேசி, அவள் அனுமதியோடு வயதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது தேறினால், அந்தத் தாய்மார்களே கையெழுத்திட்ட ஒரு மனுவைக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுக்கத் துணை நில்லுங்கள். மனுவில் 2006 ஆணையின் தேதியைக் குறிப்பிடுங்கள். குடும்பங்கள் சேர்ந்து தங்கும் காப்பகம் ஒன்றையும் அதே வார்டில் கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த அலுவலகத்தை விட்டு வராதீர்கள். மூன்று மாதக் கெடு அந்தச் சீட்டில் இருக்கும் தேதியிலிருந்துதான் தொடங்கும்.